வைரம் மின்சாரம் கடத்தாது என்றுதானே படித்தோம்?

பென்சில்முனை: பார்வை இழந்தவர்களுக்காக மெல்போர்னில் செய்த செயற்கை விழித்திரையில் மின்முனைகள் வைரத்தால் ஆனவை என்று படித்தேன். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், வைரம் கடத்தாது என்று எழுதித்தான் பள்ளியில் 2 மார்க் வாங்கினேன். கடத்தாத பொருளை வைத்து நரம்பை எப்படித் தூண்டுவார்கள்? பிளாட்டினம் இருக்கும்போது வைரம் எதற்கு, காசு மிஞ்சிவிட்டதா?

கரிச்சட்டி: நீங்கள் படித்தது சுத்தமான வைரத்துக்குச் சரி. ஆனால் இது சுரங்கத்துக் கல் இல்லை. ஹைட்ரஜனில் 1 சதவீதம் போல மீத்தேன் கலந்து, மைக்ரோவேவால் பிளாஸ்மாவாக்கி (மின்னேற்றம் பெற்ற வாயு), 800 டிகிரி வாக்கில் சூடாக இருக்கும் சிலிக்கான் தகட்டின்மேல் படலமாக வளர்ப்பார்கள். மீத்தேன் சல்லிசு, செலவெல்லாம் இயந்திரத்துக்குத்தான். வளரும்போதே போரான் சேர்ந்த வாயுவைக் கொஞ்சம் விட்டால், கார்பன் இருக்க வேண்டிய சில இடங்களில் போரான் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஒரு எலக்ட்ரான் குறைவு, அந்தக் காலியிடம் நகர்ந்துதான் கரண்ட் போகிறது. சில நூறு கார்பனுக்கு ஒரு போரான் என்ற அளவு வந்தால் உலோகம் மாதிரியே கடத்தும், நிறமும் கருத்துவிடும்.

மெல்போர்னில் போரான் இல்லை, நைட்ரஜன் சேர்த்த மிக நுண்ணிய படிக வைரம். அதில் கடத்துவது பெரும்பாலும் படிகங்களுக்கு நடுவே இருக்கும் கிராஃபைட் சாயல் கொண்ட கார்பன், ஆகவே உங்கள் 2 மார்க் பத்திரம். மின்முனைகளை இயக்கும் சிப்பை மூடும் பெட்டியையும் கடத்தாத வைரத்திலேயே செய்தார்கள். உடம்பின் உப்புநீர் உள்ளே கசிந்தால் சிப் காலி, அதனால்தான்.

உப்புக்கரைசல்: நான் லேபில் டோபமின் (மூளை நரம்புகள் செய்தி அனுப்பும் ரசாயனம்) அளப்பவன். மின்முனையாக வைக்கும் கார்பன் இழையில் டோபமின் ஆக்சிஜனேற்றமாகி, பாலாடை மாதிரி ஒரு தோல் படியும். காலையில் நிமிர்ந்து நின்ற சிக்னலின் உச்சி மத்தியானத்துக்குள் பாதியாகியிருக்கும், அப்புறம் புது இழை, மறுபடி அளவுதிருத்தம். போரான் வைரத்தில் இந்தத் தொல்லை குறைவு, டோபமின் இல்லாமலே ஓடும் பின்னணி மின்னோட்டமும் குறைவு. தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக உடையாமல் 3 வோல்ட் வீச்சு கிடைக்கும், பிளாட்டினத்தில் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் ஒட்டாத குணமே இடைஞ்சலும்கூட: டோபமின் மேலே ஒட்டுவதால்தான் கார்பன் இழையில் சிக்னல் பெருகுகிறது, வைரத்தில் அந்த உதவி கிடையாது. நான் இன்னும் இழையை விடவில்லை.

தயிர்சாதம்: எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வைரத்தின் விறைப்பு 1000 கிகாபாஸ்கல் சுமார், மூளையோ சில கிலோபாஸ்கல். நம் மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஆடுகிற தயிருக்குள் ஊசியைச் செருகி வைத்தால் எப்படி இருக்கும்? நெளியும் பிளாஸ்டிக்கில் நேராக வளர்க்கலாம் என்றால் 800 டிகிரியில் பிளாஸ்டிக் கருகிவிடும். சிலிக்கானில் வளர்த்து, பிறகு பாலிமருக்கு மாற்றி ஒட்டுகிறார்கள், சுற்று வேலைதான்.

பென்சில்முனை: அப்போது உடம்புக்குள் வைக்காமல் ஏதாவது பயன் உண்டா?

கரிச்சட்டி: உண்டு, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியான காகிதப் பட்டையில் நோயைக் கண்டுபிடிக்கலாம். படிகத்தில் நைட்ரஜன் புகுந்து உண்டான பழுது உள்ள நானோ வைரம் (மிக நுண்ணிய வைரத் துகள்) பச்சை ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும், மங்காது. மைக்ரோவேவ் காட்டினால் அந்த ஒளி கூடிக் குறையும், பட்டைக் காகிதத்தின் சொந்த ஒளிர்வு அப்படி ஆடாது. ஆடுவதை மட்டும் பிரித்தெடுத்தால் வைரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். 2020இல் லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகக் குழு அப்படிப்பட்ட பட்டை ஒன்றில் தங்கத் துகளுக்குப் பதிலாக இதைப் போட்டு, எச்ஐவியின் ஆர்என்ஏவை (அதன் மரபுப்பொருள்) கண்டுபிடித்துக் காட்டியது.