ஆத்தா பெயரில் வருமான வரிக் கடிதம்: பதில் போடுவதா, விட்டுவிடுவதா?

கானாடுகாத்தான் பேரன்:
2022 டிசம்பரில் எங்கள் பொது வீட்டை 42 லட்சத்துக்கு விற்றோம். ஏழு பங்கு. அப்பச்சி பங்காக ஆத்தாவுக்கு வந்தது 6 லட்சம். ஆத்தாவுக்கு வயது 71. டெபாசிட் வட்டி 1.40 லட்சம் தவிர வேறு வரும்படி இல்லை. அந்த வருஷத்துக்கு ரிட்டர்ன் போடவில்லை என்று இப்போது மின்னஞ்சல் வந்திருக்கிறது. வரித் தளத்தில் இருக்கும் ஏஐஎஸ்ஸை (வருடாந்தரத் தகவல் அறிக்கை) திறந்தால் 42 லட்சமும் ஆத்தா தலையில்!

புதுவயல் மச்சான்:
பேசாமல் இருங்கள். இது நோட்டீஸே இல்லை, வெறும் நினைவூட்டல். வருமானம் வரிவிலக்கு வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போடவே வேண்டாம். எதையாவது எழுதப்போய் வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

கண்டனூர் கணக்கு:
வரம்புக்குள் என்பது நமக்குத் தெரியும், துறைக்குத் தெரிவது 42 லட்சம். இன்று சும்மா இருந்தால் நாளைக்கு 148ஏ (பழைய கணக்கை மறுபடி திறப்பதற்கு முன் வரும் நோட்டீஸ்) வரும்.

தம்பி, பழைய வீடு என்பதால் 1.4.2001 அன்றைய மதிப்பை எடுக்கலாம். உதாரணத்துக்கு மொத்த வீடும் அப்போது 10.5 லட்சம் என்றால் ஆத்தா பங்கு 1.5 லட்சம். 2022-23-க்குப் பணவீக்கக் குறியீடு 331, அதாவது 3.31 மடங்கு. ஆக அடக்கவிலை 4.96 லட்சம், ஆதாயம் 1.04 லட்சம்தான். வட்டியைச் சேர்த்தாலும் 2.44. அந்த வருஷம் மூத்த குடிமக்களுக்கு வரம்பு 3 லட்சம். ஏஐஎஸ்ஸில் 'தகவல் முழுவதும் சரியல்ல' என்று போட்டு 6 லட்சத்தைக் காட்டுங்கள். கடிதத்துக்கு 'வரிக்குரிய வருமானம் இல்லை' என்று பதில் போடுங்கள். மின்னஞ்சலில் உள்ள சுட்டியைத் தொடாமல் நேராகத் தளத்துக்குப் போங்கள்.

புதுவயல் மச்சான்:
அந்த 10.5 லட்சம் எங்கிருந்து வந்தது? பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் பார்த்து மனம்போல மதிப்புப் போட முடியாது. அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

கண்டனூர் கணக்கு:
சரியான கேள்வி. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்க வேண்டும். மதிப்புக் குறைந்து மொத்தம் 3 லட்சத்தைத் தாண்டினால் 'வருமானம் இல்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை, ஐடிஆர்-யூ என்ற புதுப்பித்த ரிட்டர்ன்தான். தாமதத்தைப் பொறுத்து 25, 50, 60, 70 சதவீதம் கூடுதல் வரி. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நாலு வருஷத்தோடு அந்தக் கதவும் மூடிவிடும். ஆமாம், தூணையும் நிலைக்கதவையும் தனியாகக் காரைக்குடிக் கடைக்குக் கொடுத்தீர்களா? அந்தப் பணம்?

கானாடுகாத்தான் பேரன்:
அது பெரியப்பா பார்த்தது, அண்ணே.

புதுவயல் மச்சான்:
இதற்குத்தான் சும்மா இருங்கள் என்றேன்.

கானாடுகாத்தான் பேரன்:
பினாங்கில் இருக்கும் சித்தப்பாவுக்கும் இதே கடிதமாம். அவருக்கும் இதே கணக்குதானே?

கண்டனூர் கணக்கு:
இல்லை. வெளிநாட்டில் குடியிருப்பவர் அந்த வரம்பை நீண்டகால மூலதன ஆதாயத்தில் கழிக்க முடியாது. அவரைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் பாகப்பத்திரத்தைத் தேடுங்கள்.