மறு: மறு: சாவி போட்டால் வரும் மின்சாரத்துக்கு ஒரு சொல் வேண்டும்

ரோஸ் ஹில் (மொரீசியஸ்), மாலை வகுப்பு ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறது.

வீட்டில் பார்க்கும் வேலை ஒன்றைத் தமிழில் எழுதி வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். பட்டறைக்காரர் மகன் ஒருவன், காரில் கேமரா பொருத்துவதை எழுதி வந்தான். சோதனை விளக்கின் கவ்வியை வண்டி இரும்பில் மாட்டிவிட்டு, கூர்முனையால் ஒவ்வொரு ஃபியூஸ் தலையாகத் தொட்டுப் பார்த்தானாம். சில இடத்தில் விளக்கு எப்போதும் எரிகிறது. சில இடத்தில் சாவியைத் திருப்பினால்தான் எரிகிறது. ‘இந்த இரண்டாவதில்தான் கேமராவைக் கொடுக்க வேண்டும், முதலாவதில் கொடுத்தால் இரவெல்லாம் பேட்டரியைக் குடித்துவிடும்’ என்று முடித்திருக்கிறான். நல்ல தமிழ். ஆனால் அந்த இரண்டாவது மின்சாரத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் கோடு இழுத்து, கீழே பென்சிலில் ‘ஆப்ரே கொன்ட்டாக்’ என்று எழுதியிருக்கிறான். நம் பட்டறைகளில் வழங்கும் பிரெஞ்சுதான் அது. சாவி போட்ட பின் வருவது என்று பொருள்.

இதன் அருமை எனக்குத் தெரியும். போன தைப்பூசத்துக்கு வேனில் ஒலிபெருக்கி வைத்துக் கம்பி இழுத்தது நானும் என் தம்பியும்தான். முதல் வகை மின்சாரத்தில் கொடுத்துவிட்டோம். விடிகாலை நாலு மணிக்கு வேன் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டதோடு சரி.

காத்ர் போர்ன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, எப்போதும் இருக்கும் மின்சாரத்துக்குப் பெயர் தேட வேண்டியதே இல்லை. கோயிலில் அணையாமல் எரிவதைச் சோழர் கல்வெட்டு நந்தா விளக்கு என்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆகவே நந்தாமின். சாவியைத் திருப்பினால் திறந்துகொள்வது திறமின். வினைத்தொகையாதலால் திறந்த, திறக்கின்ற, திறக்கும் என்று முக்காலமும் அதற்குள் அடங்கும்.

‘சாவிமின்’ என்று மட்டும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். சாவி போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். உழவரிடம் கேட்டால், சாவி என்பது மணி பிடிக்காத பயிர். சாவிமின் என்றால் பதராய்ப்போன மின்சாரம்.

டர்பன், உறுப்பினர்:

ஐயா, திறமின் என்றால் ‘எல்லோரும் திறங்கள்’ என்றல்லவா ஆகிறது? வம்மின், கேண்மின் போல. பரணியில் கடைதிறப்புப் பாடும்போது வாசல்வாசலாகப் பெண்களைத் ‘திறமினோ’ என்று எழுப்புவார்களே, அதுதான் என் காதில் விழுகிறது. வினையடியோடு மின்னைச் சேர்த்தாலே இந்தத் தொல்லைதான். தொடுமின், விடுமின், எல்லாமே ஏவல் பன்மை.

இங்கே தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளியிடம் ‘பக்கியில் ஏறுங்கள்’ என்று சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை. கேட்கிறவர் காதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் ஐயா.

காத்ர் போர்ன்:

கட்டளையாக ஒலித்தால் என்ன? சாவியைத் திருப்புகிறவன் மின்சாரத்தை ஏவத்தானே செய்கிறான்? வேண்டாமென்றால் நந்தாமின்னுக்கு எதிராக நந்துமின் என்று வைக்கலாம். நந்துதல், அணைதல். ஆனால் நந்துதலுக்கு வளர்தல் என்ற நேர்மாறான பொருளும் உண்டு. குறளில் வரும் ‘நத்தம்’ என்பதற்குப் பரிமேலழகர் ஆக்கம் என்றே உரை சொல்கிறார். நத்தைக்கும் நந்து என்று பெயர் உண்டு, அங்கிருந்து சங்குக்குப் போனால்...

போர்ட் லூயிஸ், பொறியாளர்:

நத்தையில் ஏறிப் போனால் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச்சேர மாட்டோம். நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்கட பாடப்புத்தகத்தில் சுவிட்சுக்கு ஆளி. சின்னச் சொல், பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ஆளிவழி மின் என்று வைத்தால் என்ன? ஒரு வேண்டுகோள்: மற்றதை ‘நேர்மின்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். அது பிளஸ் முனைக்கும் டிசி மின்சாரத்துக்கும் ஏற்கெனவே போய்விட்டது.

காத்ர் போர்ன்:

சங்கப் பாடல்களில் ஆளி யானையைக் கொல்லும் விலங்கு. அதை டாஷ்போர்டுக்கு அடியில் கட்டிவைக்கவா?

வக்குவா, பட்டறை:

எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் நீங்கள் ஒன்றுக்குப் பெயர் தேடுகிறீர்கள், அங்கே இரண்டு இருக்கிறது. ஜப்பான் கார் சாவிக்கு நாலு நிலை: பூட்டு, அக்சசரி, ஆன், ஸ்டார்ட். ரேடியோவுக்கு அக்சசரியிலேயே மின்சாரம் வந்துவிடும். இன்ஜினுக்கு வேண்டியது ஆனில்தான் வரும். ஸ்டார்ட் கொடுக்கும்போது அக்சசரி அறுந்து மறுபடி வரும், அப்போது கேமரா ஒருமுறை செத்துப் பிழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன்காரர்கள் இந்த வம்பே வேண்டாமென்று எண் போட்டுவிட்டார்கள். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, 15 சாவி வழியாக வருவது, 31 மாஸ், அதாவது எர்த். எங்களுக்குப் ‘பதினைந்து’ என்றாலே போதும்.

சொல் கிடக்கட்டும், பையனின் தாளில் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஃபியூஸ் டேப்பை, அதாவது ஃபியூஸ் இருந்த குழியில் செருகிப் புதுக் கம்பி எடுக்கும் துண்டை, எந்தப் பக்கமாகச் செருகுவது என்று எழுதவில்லை. பழைய ஃபியூஸை எடுத்து டேப்பின் அடிக்குழியில் போடணும். கேமராவுக்கான சின்ன ஃபியூஸ் மேல்குழியில். டேப்பைத் திருப்பிச் செருகினாலும் கேமரா வேலை செய்யும், அதனால்தான் யாருக்கும் தப்பு தெரிவதில்லை. ஆனால் கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் குழியின் இரண்டு தகடுகளில் எதில் விளக்கு எரிகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ் பக்கம் கையே போகக் கூடாது. மாஸ் கம்பியைப் பெயின்ட் மேல் முறுக்கினால் வேலைக்கு ஆகாது, சுரண்டி இரும்பு தெரியணும்.

காத்ர் போர்ன்:

எண்ணே போதும் என்கிறார் பட்டறைத் தம்பி. மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கியது என்று 1998-இல் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தது இந்த நாட்டுத் தமிழர்கள்தானே? பட்டறைக்கு மட்டும் தமிழ் ஆகாதா?

வக்குவா:

நோட்டில் தமிழ் எண்கூட இருக்கிறது ஐயா. மீன்காரரிடம் அதை எண்ணிக் கொடுப்பது கிரியோலில்.

ரோஸ் ஹில்:

வியாழன் இரவு பதினொரு மணி. தனி அஞ்சல்களையும் சேர்த்து எண்ணிவிட்டேன். தனி அஞ்சலில் வந்த சாவிவழி மின்னுக்கு நான்கு பேர், ஆளிவழி மின் இரண்டு பேர், திறமின் ஒருவர் (யாரென்று சொல்லத் தேவையில்லை). நால்வரில் இருவர் ‘ஏதாவது ஒன்றைப் போடுங்கள் டீச்சர்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதையும் வாக்காகவே எடுத்துக்கொண்டேன். நந்தாமின்னை யாரும் எதிர்க்கவில்லை, அதுவும் தாளில் ஏறுகிறது. அக்சசரிக்குத் தனிச்சொல் வேண்டுமென்றால் அடுத்த மாதம் சண்டை போடலாம். டேப் செருகும் முறையைப் பெட்டி கட்டிச் சேர்த்துவிட்டேன்.

பையனிடம் காட்டினேன். நந்தாமின் பிடித்துவிட்டது, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். சாவிவழி மின்னைப் படித்ததும், ‘ஓ, ஆப்ரே கொன்ட்டாக்’ என்றான்.

காத்ர் போர்ன்:

அச்சுக்குப் போகட்டும். என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். இப்போது வரும் வண்டிகளில் சாவியைத் திருப்புவதே இல்லை, அழுத்துகிறார்கள். அதற்காகப் ‘பொத்தான்வழி மின்’ என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவைக்கிறேன். பொத்தானும் போர்த்துகீசியம்தான்.