கோஸ்ட் ஃபண்ட்ஸ்: சாவி யார் கையில்?

கேள்வி:
கனடாவின் மேற்குக் கடற்கரையில் உள்ள கிரேட் பேர் மழைக்காட்டுக்காக 2007இல் வந்த கோஸ்ட் ஃபண்ட்ஸ் நிதி 12 கோடி கனடா டாலர். பாதி அறக்கட்டளைகள் கொடுத்தது, பாதி அரசுகள். காசு கொடுத்தவன்தானே நாட்டாமை? பூர்வகுடிகளின் பேச்சு அங்கே எடுபடுமா?

பதில் 1:
எடுபடும். இயக்குநர் குழுவில் பூர்வகுடிகள் நியமித்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், நாற்காலியைவிடப் பணத்தைப் பிரித்த விதம்தான் முக்கியம். அறக்கட்டளைகளின் 6 கோடி முதலீட்டில் போடப்பட்டு, கை வைக்காத மூலதனமாகவே நிற்கிறது. அதன் வருமானம் மட்டும் பாதுகாப்பு வேலைக்கு. வயலை விற்காமல் குத்தகை நெல்லில் கோயில் விளக்கு எரிகிற மாதிரி. அரசுகளின் 6 கோடி பூர்வகுடிகள் தொழில் தொடங்க.

பதில் 2:
நான் ஒரு சிறு அறக்கட்டளையில் கணக்கெழுதியவன். பழங்குடி ஊருக்கு ஒரு கிணறு வெட்ட 14 பக்கப் படிவம் கேட்டோம், அதுவும் ஆங்கிலத்தில். இன்னும் கூச்சமாக இருக்கிறது. கோஸ்ட் ஃபண்ட்ஸிலோ அந்த முதலீட்டு வருமானத்தில், காட்டையும் கடலையும் பார்த்துக்கொள்ளும் பூர்வகுடிக் காவலர்களுக்குச் சம்பளம் போகிறது. சொந்தக் கடலில் படகோட்டிப் போய் நண்டுகளைக் கணக்கெடுப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

கேட்டவர்:
குத்தகை நெல் உதாரணம் புரிந்தது. அப்புறம், விளைச்சல் பொய்த்த வருடம்? பங்குச்சந்தை விழுந்தால் காவலர் சம்பளம் என்ன ஆகும்?