கலைச்சொல்: 'அட்டோன்மென்ட்' – கழுவாயா, ஒப்புரவா, பொறையா?

அன்புள்ள குழுவினருக்கு,

சமயவியல் சொற்பட்டியலில் மற்றதெல்லாம் நகர்கிறது. 'அட்டோன்மென்ட்' (கிறிஸ்துவின் சாவால் மனிதரின் பாவம் தீர்ந்து கடவுளோடு உறவு மீள்கிறது என்ற கிறித்தவக் கருத்து) மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒருவர் 'பாவப்பரிகாரம்' என்று எழுதுகிறார், மறுநாள் வேறொருவர் அதை அழித்துவிட்டுக் 'கழுவாய்' என்கிறார், மூன்றாமவர் 'ஒப்புரவு' என்று மாற்றுகிறார். வாக்கெடுப்பு வைத்து முடித்துவிடலாம் என்றார்கள். என் வாக்கு கிடையாது. மூன்றும் நல்ல சொற்கள்தான், ஆனால் மூன்றும் ஒரே பொருளைச் சொல்லவில்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லையே பார்த்துவிடுவோம். 1526இல் டிண்டேல் தம் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'ஒன்றாயிருக்கும் நிலை' (அட்-ஒன்-மென்ட்) என்பதே அதன் உடைப்பு. ரோமர் 5:11இல் அது நிற்கும் இடத்தில் கிரேக்கத்தில் 'கட்டல்லாகே': பகையாய் இருந்தவர்கள் மீண்டும் உறவாவது. நம் பழைய தமிழ் விவிலியத் திருப்புதலில் அங்கே 'ஒப்புரவாகுதல்' என்றிருக்கிறது. ஆகவே ஒப்புரவுக்காரர்கள் சொல்வது தவறில்லை. ஆனால் ஒப்புரவு முடிவைச் சொல்கிறது. எப்படி ஒப்புரவானார்கள், நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. நமக்குச் சொல் வேண்டியிருப்பது அந்த நடுவுக்குத்தான். (குறளின் ஒப்புரவறிதல் முற்றிலும் வேறு. அதை இங்கே இழுத்தால் இன்னொரு இழை தொடங்க வேண்டிவரும்.)

அடுத்து கழுவாய். அழகான, பழைய சொல். புறநானூறு 34இல் 'வழுவாய் மருங்கில் கழுவாயும் உள' என்று வருகிறது. 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1 யோவான் 2:2இல் 'நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே' என்று அதை எடுத்தாண்டது எனக்கு நிறைவாகவே இருந்தது. அதே இடத்தில் பழைய திருப்புதல் வைத்த 'கிருபாதாரபலி'யை (கிருபைக்கு ஆதாரமான பலி) அவிழ்க்கவே ஒரு பத்தி வேண்டும். ஆனாலும் ஓர் உறுத்தல். கழுவாய், பரிகாரம் இரண்டையும் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுவாயைத் தேடிப் பாருங்கள். 'அவன் தன் தவறுக்குக் கழுவாய் தேடினான்', 'பரிகாரம் செய்தான்'. எப்போதும் தப்பு செய்தவன்தான் எழுவாய். கிறித்தவர் சொல்வது இதைத் தலைகீழாக்குகிறது. தப்பு செய்தவன் சும்மா நிற்கிறான், தப்புக்கு ஆளானவர் செய்கிறார். யோவானின் அந்த வசனத்தில் எழுவாய் 'அவர்', அதாவது கிறிஸ்து, என்பதை வாசகர் கவனித்தால் சரி. தனிச்சொல்லாகப் பட்டியலில் நிற்கும்போது அந்தத் திருப்பம் காணாமல் போகிறது.

பலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'பேருந்து கவிழ்ந்து மூவர் பலி' என்று நாளிதழ்கள் எழுதி எழுதி அந்தச் சொல் வெறும் சாவாகச் சுருங்கிவிட்டது. எபிரெயத்தில் காணிக்கைக்குப் பொதுப்பெயர் 'கொர்பான்', அதன் வேர் 'கிட்டே வருதல்'. சாவு நடுவில் நிகழ்கிறது, நோக்கம் நெருங்குவது. தியாகமோ எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது. பதவியைத் துறந்தாலும் தியாகம், தூக்கத்தை விட்டாலும் தியாகம். விடுகிறவருக்கும் இன்னொருவருடைய குற்றத்துக்கும் அதில் தொடர்பே வேண்டியதில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எபிரெயத்தில் 'நாசா' என்றொரு வினை உண்டு (ராக்கெட் விடுகிறவர்கள் அல்ல). தூக்கு, சும என்று பொருள். லேவியராகமம் 16இல் ஆசாரியன் இரண்டு கைகளையும் உயிருள்ள கடாவின் தலைமேல் வைத்து, மக்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். 22ஆம் வசனத்தில் கடா அவற்றைச் 'சுமந்துகொண்டு' போகிறது: நாசா. ஏசாயா 53:12இல் 'அநேகருடைய பாவத்தைத் தாமே சுமந்து': அதே வினை. யாத்திராகமம் 34:7இல் கடவுள் அக்கிரமத்தையும் பாவத்தையும் 'மன்னிக்கிறவர்': அங்கேயும் நாசாதான். மூலத்தில் ஒரே வினை, தமிழில் ஒரு பக்கம் சுமத்தலாகவும் இன்னொரு பக்கம் மன்னித்தலாகவும் பிரிந்துபோயிற்று.

பிரித்திருக்கவே வேண்டியதில்லை. நம்மிடம் 'பொறு' இருக்கிறது. பாரம் பொறுக்கிறோம், பிழையும் பொறுக்கிறோம். பொறை என்றால் சுமை, பொறை என்றால் பிறர் குற்றத்தைத் தாங்குதல். ஆதியாகமம் 4:13இல், தம்பியைக் கொன்ற காயீன் சொல்வதிலும் நாசாதான்; அதை 'தாங்க முடியாத தண்டனை' என்றும் படிக்கலாம், 'மன்னிக்க முடியாத குற்றம்' என்றும் படிக்கலாம். உரைகாரர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடம் அது. 'பொறுக்கக்கூடியதன்று' என்று எழுதினால் இரண்டும் தமிழில் அப்படியே வந்துவிடும்.

என் முன்மொழிவு: பொறையீடு. இழப்பீடு, காப்பீடு போல. அடித்து நொறுக்குங்கள்.

---

> என் முன்மொழிவு: பொறையீடு.

தம்பி, பொறு என்ற வேர் அருமை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் 'ஈடு' என்ற வாலை ஒட்டியதும் கெட்டது.

ஈடு என்றவுடன் யாருக்கு ஈடு என்ற கேள்வி வருமே? மாற்கு 10:45இல் மீட்கும்பொருள் என்று இருக்கிறது, சரி. அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று அங்கே சொல்லவில்லை. பழைய திருச்சபைத் தந்தையரில் சிலர் பிசாசுக்கு என்றார்கள். 1098 வாக்கில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் அதை மறுத்து, கடவுளின் மாட்சிக்கு மனிதன் பட்ட கடன் என்றார். 1930இல் ஔலன் என்ற சுவீடன் நாட்டு இறையியலாளர் இது கொடுக்கல் வாங்கலே அல்ல, தீமைமேல் கிறிஸ்து கொண்ட வெற்றி என்று எழுதினார். இவர்கள் எல்லாரும் தங்கள் விளக்கத்தை இந்த ஒரே தலைச்சொல்லின் கீழேதான் எழுதுகிறார்கள். தலைச்சொல்லே ஒரு கட்சி சேரலாமா? 'ஈடு' போட்டால் நீங்கள் ஆன்செல்ம் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.

இன்னொன்று. 'கிருபாதாரபலி'யைக் கேலி செய்யாதீர்கள். ரோமர் 3:25இல் அங்கே இருக்கும் கிரேக்கச் சொல் 'ஹிலாஸ்டீரியோன்'. எபிரெயர் 9:5இல் அதே சொல் உடன்படிக்கைப் பெட்டியின் மேல் இருக்கும் மூடியைக் குறிக்கிறது. அங்கே 'கிருபாசனம்', இங்கே 'கிருபாதாரபலி' என்று 'கிருபா'வை இரண்டிலும் வைத்திருக்கிறார்கள். தெரிந்துதான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கழுவாய் போட்டதும் அந்த நூல் அறுந்துவிட்டது.

பொறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெறும் 'பொறை' என்றால் பொறுமை என்றுதான் வாசிப்பார்கள், அதையும் பாருங்கள்.

---

> யாருக்கு ஈடு என்ற கேள்வி வருமே?

வருகிறது அம்மா. ஈட்டை எடுத்துவிட்டேன். கிருபாதாரபலி பற்றியும் சொன்னது சரி. அந்தச் சொல்லை இருபது வருடமாகக் கேட்டிருக்கிறேன், கிருபாசனத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

பொறுமை என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் பெரிய சிக்கல். பொறுமை சும்மா இருப்பது, இது சும்மா இருப்பதல்ல. மத்தேயு 18இல் இயேசு சொல்லும் உவமையில், கடன்பட்ட ஊழியக்காரன் ராஜாவிடம் 'என்னிடத்தில் பொறுமையாயிரும்' என்றுதான் கெஞ்சுகிறான். அவன் கேட்டது தவணை. கிடைத்தது வேறு. கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று வைத்தால் ஆறு கோடி நாள் கூலி. ராஜா கடனை விட்டுவிட்டதும் அந்தத் தொகை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. ஊழியக்காரன் கணக்கிலிருந்து எடுத்த பள்ளம் ராஜாவின் கருவூலத்தில் விழுந்தது. மன்னிக்கிறவர்தான் நட்டத்தைத் தாங்குகிறார். பலியும் மன்னிப்பும் இரண்டு தனித்தனிச் செயல்கள் என்று நினைத்து, 'கடவுள் நல்லவர் என்றால் வெறுமனே மன்னிக்கக் கூடாதா, எதற்கு இரத்தம்?' என்று கேட்கிறவர்களுக்குக் கிறித்தவர் சொல்லும் விடைகளில் எனக்குப் புரிந்த விடை இது ஒன்றுதான். வெறுமனே மன்னிப்பது என்று ஒன்று இல்லை, யாரோ பொறுத்தாக வேண்டும்.

ஆகவே 'பொறையேற்பு' என்று மாற்றுகிறேன். ஏற்பு என்றதும் அது செயலாகிவிடுகிறது. சுமையைத் தானே வந்து எடுத்துக்கொள்வது தெரிகிறது. யாருக்கு என்ற கேள்வியை அது தொடவில்லை, எல்லாக் கட்சிக்காரர்களும் உள்ளே வரலாம். காதில் 'பொறுப்பேற்பு' ஒலிப்பது தற்செயல் என்றாலும் கெடுதலில்லை. பிழைதிருத்தி அதைத்தான் பரிந்துரைக்கும், ஏமாந்துவிட வேண்டாம்.

நம் வரைவுக் கட்டுரையில் இதைப் போட்டுப் பார்த்தேன். 'சிலுவையில் நிகழ்ந்தது பொறையேற்பு' – நிற்கிறது. 'பொறையேற்புக் கோட்பாடுகள்' – நிற்கிறது. 'பொறையேற்பு நாள்' – விழுந்துவிட்டது. யூதரின் யோம் கிப்பூரில் (ஆங்கிலத்தில் 'டே ஆஃப் அட்டோன்மென்ட்') மக்கள் உபவாசமிருந்து தாங்களே தங்களைத் தாழ்த்துகிறார்கள். அங்கே தவறியவர்களே எழுவாய், ஆகவே பொது மொழிபெயர்ப்பு வழியில் 'கழுவாய் நாள்' என்றே இருக்கட்டும். கட்டல்லாகே வரும் இடத்தில் ஒப்புரவு. ஹிலாஸ்மோஸ் (1 யோவான் 2:2இல் உள்ள கிரேக்கச் சொல்) தனியாக வந்தால் கழுவாய், பக்கத்தில் கிருபாதாரபலியும் இருக்கும். தலைச்சொல்லுக்கு மட்டும் பொறையேற்பு.

வனாந்தரத்துக்குப் போகும் கடாவுக்குப் பழைய திருப்புதலில் 'போக்காடு' என்றிருக்கிறது. வரைவில் யாரோ அதை அழித்துப் 'பலிகடா' என்று திருத்தியிருக்கிறார்கள். அந்தக் கடா பலியாகவே இல்லை, உயிரோடு போகிறது. அதை மட்டும் இன்றிரவே பழையபடி மாற்றிவிடுகிறேன்.