பாஸ்போர்ட் விசாரணைக்குக் கொடுத்த நம்பர்

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு, ஆதார் நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்று ராத்திரி 10.40-க்கு வாட்ஸ்அப்பில் "சாப்டாச்சா?" என்று வந்தது.

ஏதோ பேப்பர் விட்டுப்போச்சு போல என்று நினைத்து, "சார், எந்த டாக்குமெண்டாவது வேணுமா?" என்று கேட்டேன். மறுநாள் "டிபி சூப்பர்" என்றார். மூன்றாம் நாள், "அப்பா நைட் ஷிஃப்ட்டா? எப்ப வருவார்?" அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்பதெல்லாம் அவர் விசாரணை என்ற பெயரில் கேட்டு எழுதிக்கொண்டு போனதுதான். அப்புறம், "ஒரு கையெழுத்து பாக்கி, ஏழு மணிக்கு மேல ஸ்டேஷன் வா, கூட்டம் இருக்காது."

நான் போகவில்லை. மாடி வீட்டு அக்கா வக்கீல் குமாஸ்தா. அவரிடம் காட்டினேன். "உடனே பிளாக் பண்ணிடாதே. 'வேலை விஷயம் தவிர மெசேஜ் அனுப்பாதீங்க சார்'னு ஒரே வரி அனுப்பு" என்றார். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால்தான் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றச் சட்டத்தின் 78-வது பிரிவு, அதாவது பின்தொடர்தல் குற்றம், பலமாக நிற்குமாம். அனுப்பினேன். அதற்குப் பிறகும் இரண்டு மெசேஜ் வந்தது. நம்பரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொண்டேன்.

புகாரை அந்த ஸ்டேஷனில் கொடுக்காமல் துணை ஆணையர் அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கே ஒருவர், "மெசேஜ்தானேம்மா, கையைப் பிடிச்சாரா?" என்று கேட்டார். சீல் போட்ட ஒப்புகை கைக்கு வரும்வரை அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்த போலீஸ்காரரை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் "அதுவே பெரிசு" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் போனில் இன்னும் எத்தனை பெண்களின் நம்பர் இருக்கிறதோ. துறை விசாரணை கேட்டு இன்னொரு மனு போட்டிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுப் பெரம்பூரிலிருந்து ஒரு அக்கா எழுதியது:

தங்கச்சி, உன்கிட்ட ஸ்கிரீன்ஷாட் இருக்கு. என்கிட்ட ஒண்ணுமே இல்லை. போன ஆடி மாசம் வீட்டுக்காரர் அடித்ததைச் சொல்லப் போனேன். பெண் போலீஸ் யாரும் இல்லாத அறையில் எஸ்.ஐ. ராத்திரி 11 மணிவரை உட்கார வைத்திருந்தார். "இவ்ளோ அழகா இருக்கியே, உன்னைப் போய் ஏன் அடிக்கிறான்?" என்றார். தோளில் கை வைத்தார். நான் புகாரே வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்?

பதில்:

அக்கா, நம்பவைக்க வழி இருக்கு. காவல் நிலையங்களில் எஸ்.ஐ. அறை உட்பட கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. ஆடி மாசம் என்றால் இன்னும் காலம் கடக்கவில்லை. தேதி, நேரம், எந்த அறை, மூன்றையும் எழுதி, அந்தப் பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். இந்த மாதிரி குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் சொல்வதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். அதையும் கேட்டு வாங்குங்கள்.

2021-ல் சிறப்பு டிஜிபி மேல் புகார் சொல்ல சென்னைக்கு வந்த பெண் ஐபிஎஸ் அதிகாரியின் காரையே பரனூர் டோல்கேட்டில் மறித்தார்கள். அவர் விடவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டிஜிபிக்கு மூன்று வருஷம் சிறை என்று தீர்ப்பு சொன்னது. அதிகாரிக்கே அந்த கதி என்றால் நாம் தனியாகப் போகவே கூடாது அக்கா.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. காலை பத்து மணிக்கு வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். மாடி வீட்டு அக்காவும் வருகிறார். மனுவை இரண்டு நகல் எடுத்து வாங்க.