30 எம்ஓஏ பேஸ் போட்ட பிறகு 100 கெஜத்தில் ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுவது) ஆகவில்லை

கேள்வி:
.308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், 175 கிரெய்ன் (எடை அளவு) குண்டு, வேகம் விநாடிக்கு 2600 அடி. 1000 கெஜத்துக்காக 30 எம்ஓஏ (கோண அளவு, ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு) சாய்வு பேஸ், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கிமேல் தாங்கும் சாய்வான தட்டு, மாட்டியிருக்கிறேன். ஸ்கோப்பின் மொத்த எலிவேஷன் (குறியை மேலும் கீழும் நகர்த்தும் அளவு) 45 எம்ஓஏ. 100 கெஜத்தில் டரெட்டை (ஸ்கோப்பைத் திருத்தும் குமிழ்) கீழ்க்கடைசி வரை திருப்பியும் குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) மூன்றரை அங்குலம் மேலேயே விழுகிறது. பேஸ் கோளாறா, ஸ்கோப் கோளாறா?

பதில் 1:
இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, கணக்குதான் இடிக்கிறது. சாய்வு பேஸின் பின்பக்கம் உயரமாக இருப்பதால் ஸ்கோப்பின் மூக்கு தாழ்கிறது. குறியைப் பார்க்கும்போது குழல் வாய் மேலே தூக்கி நிற்கும். அந்தத் தூக்கலை டரெட்டில் கீழே இறக்கித்தான் ஜீரோ செய்ய வேண்டும்.

45-ல் பாதி 22.5. நடுவிலிருந்து கீழே போக அவ்வளவுதான் இடம். ஸ்கோப்பின் உயரமும் 100 கெஜத்துக்குள் குண்டு இறங்குவதும் சேர்ந்து ஏறக்குறைய 4 எம்ஓஏ கை கொடுக்கும். ஆக 30-ல் 4 போக 26 தேவை, 3.5 பற்றவில்லை. 100 கெஜத்தில் 1 எம்ஓஏ என்பது 1.047 அங்குலம். நீங்கள் பார்க்கும் மூன்றரை அங்குலம் அதுதான்.

பதில் 2:
பேஸை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். 20 எம்ஓஏ பேஸ் போட்டால் ஜீரோவுக்கு மேலே 38.5 கிடைக்கும். இந்தக் குண்டுக்கு 1000 கெஜத்தில் ஏறக்குறைய 39 வேண்டும், அதனால் குளிர்நாளில் பற்றாமல் போகும். 100 கெஜம் சுட வேண்டிய அவசியம் இல்லையென்றால் இப்போதுள்ள 30 எம்ஓஏ பேஸிலேயே 300 கெஜத்தில் ஜீரோ வையுங்கள், தாராளமாகப் போதும்.

100 கெஜம் கட்டாயம் என்றால் ஸ்கோப்பைப் பிடிக்கும் பர்ரிஸ் சிக்னேச்சர் வளையங்களில் சாய்வு இன்செர்ட் (வளையத்துக்குள் வைக்கும் துண்டு) வருகிறது. முன்வளையத்தில் 0.005 அங்குலம் மேலே, பின்வளையத்தில் 0.005 கீழே வைத்தால், வளையங்களுக்கு நடுவே 4 அங்குலம் இருக்கும்போது சாய்வு 8.6 எம்ஓஏ குறையும். கீழே 5 எம்ஓஏ மிஞ்சும், மேலே ஏறக்குறைய 40 இருக்கும்.

கேட்டவர்:
நன்றி. பேஸின் முன்பக்கத்தில் மெல்லிய தகடு வைத்தால் போதாதா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூ இறுகும்போது பேஸ் வளையும், வளைந்த பேஸில் வளையங்கள் நேர்க்கோட்டில் நிற்காது, ஸ்கோப் குழாய் நெளியும். இன்செர்ட்டுகள் உருண்டு உட்காருவதால் குழாய்மேல் அழுத்தம் வராது.

இன்னொன்று, விண்டேஜ் (பக்கவாட்டுத் திருத்தம்) ஓரத்துக்குப் போயிருந்தால் எலிவேஷன் இன்னும் சுருங்கும், ஏனென்றால் உள்குழாய் வட்டமான இடத்துக்குள்தான் நகர்கிறது. விண்டேஜை முதலில் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு அளந்து பாருங்கள்.

பதில் 2:
ஜீரோ ஆனதும் 100 கெஜத்தில் உயரமான அட்டை வைத்து, தூக்குக்குண்டு நூல் தொங்கவிட்டு, அதை ஒட்டி ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். 30 எம்ஓஏ மேலே திருப்பிச் சுட்டால் குரூப் 31.4 அங்குலம் ஏற வேண்டும், கோட்டைவிட்டு விலகவும் கூடாது. ஸ்கோப் பக்கவாட்டில் 1 டிகிரி சாய்ந்திருந்தாலே 1000 கெஜத்தில் ஏழு அங்குலம் தள்ளிப்போகும்.