உதவி: ஆளில்லாத வீட்டில பொழுதுபட்டாச் சைரன் அடிக்குது

விசுவமடுவான்:
வணக்கம். அக்காவின்ர வீட்டை நான்தான் பாக்கிறன், அவை வெளிநாட்டில. போன வருசம் அலாரம் பூட்டினது. இப்ப கொஞ்ச நாளா பொழுதுபட்டாப் பிறகு சைரன் அடிக்குது. ஓடிப்போய்ப் பாத்தா ஒருத்தருமில்லை. பக்கத்து வீட்டில கைக்குழந்தை இருக்கு, அவையின்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு. சென்சரை மாத்தவேணுமோ? தெரிஞ்சாக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

வயர்க்காரன்_பரந்தன்:
எத்தினை சென்சர்? வயரோ வயர்லெஸ்ஸோ? உள்ளுக்கோ விறாந்தையிலயோ? எந்த சோன், அதாவது எந்த இடத்துச் சென்சர் அடிக்கப்பண்ணினது எண்டு அலாரப் பெட்டியில, அதுதான் பனலில காட்டும், பாத்தீங்களோ?

மல்லாவி_அக்கா:
தம்பி, கூரை ஓடோ தகரமோ? எங்கட கடையிலயும் பின்னேரத்தில இப்பிடித்தான் அடிச்சுக்கொண்டு நிண்டது. சோளகத்துக்கு யன்னல் சீலை ஆடும். பகல் முழுக்க வெயில் குடிச்ச சீலை ஆடினா சென்சருக்கு ஆள் போற மாதிரித்தான்.

செங்கீழ்:
இதைப்பற்றி முந்தியே விளக்கமா எழுதியிருக்கிறன், தேடிப் படிக்கிற பழக்கம் இஞ்ச ஒருத்தருக்குமில்லை. பி.ஐ.ஆர் எண்டது செங்கீழ்க் கதிரால ஆள் அசையிறதைப் பிடிக்கிற இந்தச் சென்சர்தான். அது சூட்டை அளக்கிறதில்லை, சூட்டின்ர மாற்றத்தைத்தான் பாக்கும். உள்ளுக்கு ரெண்டு உணரி. ரெண்டிலயும் ஒரேயளவு சூடு ஏறினா ஒண்டை ஒண்டு கழிச்சுப்போடும். ஒண்டைக் கடந்து மற்றதுக்கு ஏதும் நகர்ந்தாத்தான் துடிப்பு வரும். ஆனபடியால் தகரம் சூடேறுறதால மட்டும் அடிக்காது. அடிப்படை தெரியாமல் ஆலோசனை சொல்லக்கூடாது.

மல்லாவி_அக்கா:
தகரம் அடிக்கப்பண்ணுது எண்டு நான் சொல்லேல்லை. சீலை ஆடுறதைத்தான் சொன்னனான். நீங்கள் சொல்ற நகர்வு அதுதானே?

வவுனியா_பொடியன்:
ரெண்டு வழியிலயும் பிடிக்கிற சென்சர் போடுங்கோ. செங்கீழ்க் கதிரும் மைக்ரோவேவும் ஒண்டாச் சொன்னாத்தான் அடிக்கும்.

செங்கீழ்:
மைக்ரோவேவ் பலகைக் கதவைத் தாண்டி வெளியால போறவனையும் பிடிக்கும். தகரத்தில பட்டுத் தெறிக்கும். இடத்தைப் பாக்காமல் காசைச் செலவழிக்கச் சொல்லாதேங்கோ.

ஒட்டுசுட்டான்_கமக்காரன்:
நல்ல நாய் ஒண்டை விடுங்கோ. மாடு வந்தாலும் கள்ளன் வந்தாலும் அது குரலில வித்தியாசம் காட்டும். சென்சருக்கு அது விளங்காது.

வவுனியா_பொடியன்:
ஆளில்லாத வீட்டில நாய்க்கு ஆர் சோறு வைக்கிறது அண்ணை?

ஒட்டுசுட்டான்_கமக்காரன்:
பாக்கிற தம்பி வைக்கட்டும். எங்கட ஊரில நாய் இல்லாத வளவே இல்லை.

மல்லாவி_அக்கா:
கைக்குழந்தை நித்திரை கொள்ளேலாமல் இருக்கெண்டு அந்தத் தம்பி கேட்டவர். இரவிரவாக் குலைக்கிற நாயை விடச் சொல்றியள்.

விசுவமடுவான்:
வயர்தான், உள்ளுக்கு மூண்டு. சோன் 3 எண்டு காட்டுது, அது குசினி. வீட்டுத்திட்ட வீடு, குசினி பின்னால தகரத்தில இறக்கினது. சீலை இல்லை. ஆள் இருக்கிற மாதிரித் தெரியவேணும் எண்டு அதுக்குள்ள லைட் போட்டு விடுறனான்.

வயர்க்காரன்_பரந்தன்:
இதைத்தான் முதல்லயே கேட்டனான். ஒரு சோன் மட்டும் எண்டா பனலையும் பற்றரியையும் இப்போதைக்கு விடுங்கோ. லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். சென்சரின்ர லென்ஸில ஏறி நடக்கிற பல்லி சின்னதெண்டாலும், கண்ணுக்கு முன்னால கையை ஆட்டின மாதிரி, சென்சருக்கு முழுப் பார்வையும் மாறும். வயர் உள்ளிடுற ஓட்டையையும் பாருங்கோ, எறும்பு அதாலதான் குடியேறுறது. மூடியைத் திறந்தாலே சைரன் அடிக்கும், பனலை நிப்பாட்டிப்போட்டு ஏறுங்கோ. உள்ளுக்க இருக்கிற உணரியில விரல் படக்கூடாது. வயர் ஸ்குரூ எல்லாத்தையும் இறுக்கி, ஓட்டையைச் சிலிக்கனால அடையுங்கோ.

அதுக்கும் நிக்காட்டி, அதே மாதிரிச் சென்சர் எண்டா குசினியில இருக்கிறதைக் ஹோலுக்கும் ஹோலில இருக்கிறதைக் குசினிக்கும் மாத்துங்கோ. பிழை ஹோலுக்கு வந்தா சென்சர் பழுது. குசினியிலயே நிண்டா இடமோ வயரோதான் பிழை. அதுக்கு முதல் புதுசு வாங்காதேங்கோ.

செங்கீழ்:
எத்தினை துடிப்பு வந்தா அடிக்கவேணும் எண்டு வைக்கிற சின்னச் செருகி, அதுதான் ஜம்பர், சென்சருக்குள்ள இருக்கும். அதை ஒண்டிலயிருந்து ரெண்டுக்கு மாத்தினாலும் குறையும். மற்றபடி பரந்தன் சொன்னது சரி.

விசுவமடுவான்:
திறந்தன், உள்ளுக்க எறும்பு, முட்டையோட. துடைச்சு அடைச்சாச்சு. ஜம்பரும் மாத்தினது, லைட்டை விறாந்தையில போட்டன். நேற்று அடிக்கேல்லை. நன்றி எல்லாருக்கும்.

வயர்க்காரன்_பரந்தன்:
ஜம்பர் மாத்தினா ஒருக்கா நடந்து பாக்கவேணும் தம்பி. இந்த வெக்கையில அறைச் சூடு உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்தா சென்சருக்கு ஆளையே மட்டுப்பிடிக்கேலாமல் போகும். பின்னேரம் குசினிக் கதவால உள்ளிட்டு மெதுவா நடவுங்கோ, சென்சரில சிவப்பு லைட் பத்துதோ?

மல்லாவி_அக்கா:
தம்பி, நடந்து பாத்தனீரோ?